கையால் ஒட்டிய கொலாஜ்: வேண்டியவர்களுக்கு ஒரு பரிசு செய்யும் முறை

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் என் அத்தை வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஆல்பங்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு திறந்து பார்த்தால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. பிரிக்கப் போனால் முகங்கள் சாயமாக வழிந்து விரலில் வந்தன. அத்தைக்கு எழுபது வயது நிறையும்போது என்ன கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. புடவை, மோதிரம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

அப்படித்தான் முதல் கொலாஜ் செய்தேன்: படங்களையும் காகிதத் துண்டுகளையும் வெட்டி ஒரே பலகையில் ஒட்டுவது. அதற்குப் பிறகு அறுபதாம் கல்யாணத்துக்கு ஒன்று, தோழியின் வளைகாப்புக்கு ஒன்று என்று கை பழகிவிட்டது. ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் போதும், பத்து நாள் அவகாசமும் வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் எங்கெங்கே தடுமாறுவார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் அந்த இடங்களில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கொலாஜ் என்பது 'ஒட்டுவது' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1912-ல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் காகிதத் துண்டுகளை ஓவியத்தில் ஒட்டியதிலிருந்து அது கலைப் பெயராகிவிட்டது. ஆனால் நம் ஊர்ப்பக்க வீடுகளில் இது வெகுகாலமாகவே இருக்கிறது. தாத்தா பாட்டி படம் போட்ட பெரிய பிரேம், அதன் கண்ணாடி ஓரத்தில் செருகிய பேரப்பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள், பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு முகம், துபாயிலிருந்து மாமா அனுப்பிய ஒரு படம். அதை மனதில் வைத்துக்கொண்டால் வழி தப்பாது.

முதலில் ஆளை யோசியுங்கள்

படங்களைக் கொட்டி வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். வாங்கப்போகிறவருக்கு எந்தக் காலம் பிரியமானது என்று யோசியுங்கள். கணவன் மனைவி என்றால் கல்யாணத்திலிருந்து இன்றுவரை என்று இழுக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். அது கல்யாண மண்டப வாசலில் வைக்கும் பேனர் போல ஆகிவிடும். சின்னதாக ஒன்றைப் பிடியுங்கள். அம்மா வேலைக்குப் போன இருபது வருடம், அண்ணனும் நீங்களும் சேர்ந்து வளர்ந்த ஒரே ஒரு வீடு, தோழியோடு கல்லூரிக்குப் போய் வந்த மின்சார ரயில் நாட்கள், இப்படி. அத்தைக்கு நான் எடுத்துக்கொண்டது அவர் கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் பிறந்த வீட்டில் இருந்த காலம். அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூட அவரிடம் மிச்சமில்லை.

படம் எங்கே கிடைக்கும்?

இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். அவசரப்படாமல் செய்ய வேண்டியதும் இதுதான்.

நம்முடைய படங்கள் நம்மிடம் இருப்பதைவிட உறவுக்காரர் வீட்டில்தான் அதிகம். நம் கல்யாணங்களில் வந்தவர்கள் எல்லாரையும் மேடையில் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள் அல்லவா? உங்கள் அப்பா இளைஞராக இருந்தபோது போன ஒவ்வொரு கல்யாணத்திலும் அவர் நிற்கும் படம் ஒன்று யாரோ ஒருவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. அதனால் 'அப்பா படம் இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'இல்லையே' என்றுதான் பதில் வரும். 'உங்க கல்யாண ஆல்பத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். காபி போட்டுக் கொடுத்து, ஆல்பத்தையும் எடுத்து வைத்து, கதையும் சொல்வார்கள். அந்தக் கதையை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆல்பத்தில் பார்க்கும்போது நடுவில் இருப்பவர்களைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். 1978-ல் அரக்கோணத்தில் நடந்த பெரியப்பா கல்யாணத்தின் கறுப்பு வெள்ளை ஆல்பத்தில் அத்தையைத் தேடினேன். மேடை வரிசையில் நிற்கும் படத்தில் விறைப்பாக, கண்ணை அகல விரித்துக்கொண்டு இருந்தார். ஆனால் மாலை மாற்றும் படத்தின் இடது ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், சந்தனக் கிண்ணத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு பின்னால் திரும்பி யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஜடை தோளைத் தாண்டி முன்னால் விழுந்திருக்கிறது. வயது இருபத்து மூன்று. பெரியப்பா வீட்டிலேயே அந்தப் படத்தில் அத்தை இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அதுதான் கொலாஜின் பெரிய படமாயிற்று.

ஆல்பம் மட்டும் போதாது. கையெழுத்து கிடைக்குமா என்று பாருங்கள்: நீல நிற இன்லேண்ட் லெட்டரின் ஒரு பத்தி, மளிகைக் கணக்கு, சமையல் குறிப்பு. கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை, பட்டுப்புடவைக் கரையில் இரண்டு அங்குலம், எல்லாம் ஒட்டலாம். இப்போது மெஷினில் வரும் ரசீதும் டிக்கெட்டும் சூட்டில் அச்சாகும் தாள்கள். அவை நாளாக நாளாக வெளுத்துப் போகும் என்பதால் நகல் எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். காய்ந்த பூ வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும்.

அசலை வெட்டக் கூடாது

இதில் விதிவிலக்கே கிடையாது. எந்தப் பழைய படத்தையும் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், லேமினேஷனும் போடாதீர்கள். நகல் எடுத்து நகலைத்தான் வெட்ட வேண்டும். இரவல் வாங்கிய ஆல்பமாக இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐ-யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுங்கள். அப்படி எடுத்ததை இரண்டு மடங்கு பெரிதாக அச்சடித்தாலும் 300 டிபிஐ தரம் நிற்கும். பாஸ்போர்ட் சைஸ் படம் உள்ளங்கை அளவுக்கு வரும். ஓரத்தில் நிற்கும் ஒருவரை மட்டும் பெரிதாக்குவதாக இருந்தால் 1200-ல் எடுங்கள். கொஞ்சம் மங்கலாகத்தான் வரும், பரவாயில்லை. கூட்டத்தில் முகம் கடலைப்பருப்பு அளவுதான் என்றால் பெரிதாக்காமல் கூட்டமாகவே விட்டுவிடுங்கள்.

ஸ்கேனர் இல்லையா, போன் போதும். வெயில் நேராக விழாத ஜன்னலோரம், காலை எட்டு ஒன்பது மணி வெளிச்சம், ஃப்ளாஷ் வேண்டாம். படத்தைத் தரையில் வைத்துப் போனை அதற்கு நேர்மேலே சாய்வில்லாமல் பிடியுங்கள். பிரேமின் கண்ணாடியோடு படம் ஒட்டிப்போயிருந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், மேல்படலம் உரிந்து கண்ணாடியிலேயே தங்கிவிடும். பளபளப்பு விழாத கோணம் பார்த்து, கண்ணாடியோடே எடுத்துவிடுங்கள்.

வெளியூர் உறவுகள் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறைந்துதான் வந்து சேரும். 4×6 அங்குலத்துக்கு நன்றாக அச்சாக 1200-க்கு 1800 பிக்சல் வேண்டும்.

எண்பதுகளின் கலர்ப் படங்கள் பல இப்போது செம்மண் நிறத்தில் இருக்கும். அதிலுள்ள சியான் என்னும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது. போனிலேயே சரி செய்து பார்க்கலாம். சரியாக வரவில்லை என்றால் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். ஒரே பலகையில் கறுப்பு வெள்ளை, செம்மண், இன்றைய போன் படத்தின் பளீர் நிறம் மூன்றும் கலந்தால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது. அத்தையின் கொலாஜில் எல்லாமே கறுப்பு வெள்ளை, புடவைக் கரை மட்டும் அரக்கு.

எத்தனை படம்?

12×18 அங்குலப் பலகை முதல் முறைக்குச் சரியான அளவு. அதன் பரப்பில் ஸ்டுடியோவில் மேக்சி என்று சொல்லும் 4×6 படம் ஒன்பது வைத்தாலே மூடிவிடும். அதனால் பெரியது ஒன்று, நடுத்தரம் மூன்று நான்கு, சின்னதாக வெட்டியவை ஏழெட்டு என்று பன்னிரண்டைச் சுற்றி நில்லுங்கள். நாற்பது படம் திணித்த கொலாஜில் யாரும் எதையும் பார்ப்பதில்லை.

ஆனால் ஆட்களை எண்ணுங்கள். யார் விட்டுப்போயிருக்கிறார்கள் என்பதைத்தான் வீட்டில் முதலில் பார்ப்பார்கள். 'எங்க மாமியார் படம் ஒண்ணுகூட இல்லையே' என்று ஒரு குரல் வந்தால் மொத்தப் பரிசும் அங்கேயே நின்றுவிடும். வீட்டு விவரம் தெரிந்த ஒரு பெரியவரிடம் பட்டியலைக் காட்டிவிடுங்கள். பேச்சுவார்த்தை அறுந்துபோன உறவுகள் இருந்தால் யாரை வைப்பது, யாரை விடுவது என்று அவர் சொல்வார்.

இன்னும் சில மனக்கணக்குகள் உண்டு. மறைந்தவர்களின் படத்தைத் தனியாக நடுவில் மேலே வைத்தால் மாலை போட்ட படம் போலத் தோன்றும். அவர்களும் மற்றவர்களோடு கலந்து, ஏதோ வேலை செய்துகொண்டோ சிரித்துக்கொண்டோ இருக்கும் படமாகப் பாருங்கள். உயிரோடிருப்பவர் படத்துக்குக் கறுப்பு விளிம்பு வேண்டாம். ஒருவரின் கழுத்தோடு வெட்டிய தலையைத் தனியாக ஒட்டுவதும் பெரியவர்களுக்குப் பிடிக்காது; தோளையாவது சேர்த்து வெட்டுங்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று நாம் நினைக்கலாம். ஆனால் பரிசு அவர்களுக்குத்தானே, தினமும் அவர்கள் கண் படும் இடத்தில் உறுத்தல் எதற்கு?

கடைக்குப் போகும்போது

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை போவது நல்லது. காகிதத்துக்கும் அட்டைக்கும் ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே எல்லா நிறத்திலும் எல்லாத் தடிமனிலும் தாள் கிடைக்கும். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அவ்வளவு தூரம் முடியாது என்றால் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையே போதும்.

அடிப்பலகைக்கு மவுண்ட் போர்டு என்னும் தடித்த அட்டை கேளுங்கள். சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். நான் முதலில் சார்ட்டில்தான் ஒட்டினேன், அதுவும் வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவி. காலையில் எழுந்து பார்த்தால் பொரித்த அப்பளம் போல நான்கு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றது. பன்னிரண்டு படமும் வீணாகி எல்லாவற்றையும் மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது.

பசை விஷயத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. மெல்லிய தாள் அதைக் குடித்துச் சுருங்கும். வீட்டில் இன்க்ஜெட் பிரின்டரில் எடுத்த படமாக இருந்தால் மையும் கலங்கலாம். புடவைக் கரை, தடித்த அட்டை ஆகியவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு நல்ல டபுள் சைடு டேப் அல்லது க்ளூ ஸ்டிக். சில நொடியில் பிடிக்கும் சூப்பர் க்ளூ படத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். செலோடேப் மஞ்சளாகும். மைதா பசையை வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் தேடி வரும். பைண்டிங் செய்பவர்கள் அதற்காக மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பார்கள், ஆனால் படங்களுக்கு அது ஆகாது.

இவற்றோடு ஸ்டீல் ஸ்கேல், பேப்பர் கட்டர், சின்னக் கத்தரிக்கோல், பென்சில். படங்களை ஸ்டுடியோவில் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் போடச் சொல்லுங்கள். க்ளாஸியில் ஒட்டும்போது விரல்ரேகை விழும், சுவரில் மாட்டினால் டியூப்லைட் தெரியும். கையெழுத்து, பத்திரிகை போன்றவற்றுக்கு ஜெராக்ஸ் கடையின் கலர் லேசர் பிரின்ட்டே போதும்.

அடுக்குவது

ஃபேனை நிறுத்துங்கள். சென்னையில் அது சின்ன விஷயமில்லை, அதனால் விடிகாலையில் உட்காருங்கள். பலகையைத் தரையில் வைத்து, நான்கு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தள்ளிப் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். பிரேமின் விளிம்பு கால் அங்குலத்துக்கு மேல் மறைத்துவிடும், கோட்டுக்கு வெளியே முகமோ எழுத்தோ போகக் கூடாது.

பசை இல்லாமல் முதலில் பெரிய படத்தை வையுங்கள், நட்ட நடுவில் வேண்டாம், கொஞ்சம் மேலே, கொஞ்சம் ஒரு பக்கமாக. அதில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் மற்ற படங்கள் வரட்டும். பலகையின் ஓரத்தில் இருக்கும் முகங்கள் உள்ளே பார்த்தபடி இருக்க வேண்டும். வெளியே பார்த்தால் நம் கண்ணும் வெளியே போய்விடும். அத்தை பின்னால் திரும்பி யாரிடமோ சிரிக்கிறார் என்றேனே, அவர் பார்வை போகும் இடத்தில் அவருடைய தங்கையின் பள்ளிக்கூடப் படத்தை வைத்தேன். நிஜத்தில் யாரைப் பார்த்துச் சிரித்தாரோ தெரியாது, பலகையில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். அடுக்கி முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அப்படியே ஒரு பெட்ஷீட்டால் மூடிவிட்டு அடுத்த நாள் வந்து பாருங்கள். தூங்கி எழுந்து பார்த்தால் எது தேவையில்லை என்று தானாகத் தெரியும்.

வெட்டி ஒட்டுவது

நேர்க்கோட்டுக்கு ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும். ஒரே அழுத்தில் வெட்டாமல் லேசாக இரண்டு மூன்று முறை இழுங்கள். உருவத்தைச் சுற்றி வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கையை அசைக்காமல் படத்தைத் திருப்புங்கள். முடி, விரல், சந்தனக் கிண்ணத்தின் கைப்பிடி போன்ற நுணுக்கமான இடங்களில் ஒரு நூல் அளவு பின்னணியை விட்டே வெட்டுங்கள். உருவத்தோடு நெருக்கி வெட்டினால் படத்தில் விரல் ஒன்று போய்விடும்.

அடியில் வருவதை முதலில், மேலே வருவதைக் கடைசியில். ஒவ்வொரு படத்தின் மூலையையும் பலகையில் பென்சில் புள்ளியாகக் குறித்துக்கொண்டு எடுங்கள். டேப்பை விளிம்பு முழுக்க ஒட்டுங்கள், மூலைகளை விட்டால் ஈரக்காற்றில் அவைதான் முதலில் சுருளும். ஒரு ஓரத்தை மட்டும் பதித்து, மற்ற பக்கத்தை மெல்ல இறக்கிக்கொண்டே, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஸ்பூனின் முதுகால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். உள்ளே மாட்டிய காற்று 'புசுக்' என்று ஓரத்தில் வெளியேறுவது விரலுக்கே தெரியும். முடிந்ததும் மேலே சுத்தமான தாளும் கனமான புத்தகங்களும் வைத்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு நாள்.

பிரேம்

பெரிய கடை தேட வேண்டாம். மயிலாப்பூர் மாதிரி கோயில் பக்கத்துத் தெருக்களில் சாமி படத்துக்குப் பிரேம் போடுபவர்கள் நன்றாகவே போடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை சொல்லுங்கள்: கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட், அதாவது ஜன்னல் போல வெட்டிய அட்டை, வைத்தாலோ, ஓரத்தில் மெல்லிய சட்டம் கொடுத்தாலோ இடைவெளி கிடைக்கும். இல்லாவிட்டால் சில வருட ஈரத்தில் படத்தின் படலம் கண்ணாடியோடு ஒட்டிவிடும். 'லேமினேஷன் போட்டுடலாம், சீக்கிரம் ஆகும்' என்பார்கள், மறுத்துவிடுங்கள். மேடு பள்ளமாக ஒட்டியதில் சூடாக லேமினேஷன் செய்தால் குமிழி வரும். பின்பக்கம் கீழ் மூலைகள் இரண்டிலும் சின்னக் கார்க் துண்டு ஒட்டச் சொல்லுங்கள், மழைக்காலச் சுவரின் ஈரம் உள்ளே இறங்காது. மேற்கு வெயில் விழும் சுவரும் குளியலறைச் சுவரும் வேண்டாம்.

பின்னால் ஒரு காகித உறை ஒட்டி, அதற்குள் ஒரு பட்டியல் வையுங்கள். ஒவ்வொரு படத்திலும் யார் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று. ஆல்பம் பார்க்கப் போன வீடுகளில் நோட்டில் எழுதிக்கொண்டீர்களே, அது இங்கேதான் உதவும்.

அத்தை கொலாஜைக் கையில் வாங்கியதும் தன் முகத்தைப் பார்க்கவில்லை. 'இந்தக் கிண்ணம் எங்க அம்மாவோடது' என்றார். அப்புறம் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நான் மாற்றி எழுதிய ஒரு பெயரை அடித்துத் திருத்தினார், எனக்குத் தெரியாமல் 'யாரோ' என்று விட்ட இரண்டு பேருக்குப் பெயர் சொன்னார். எழுத இடம் போதவில்லை. அதனால் பட்டியலின் கீழே நாலைந்து வரி காலியாக விட்டு, உறைக்குள் ஒரு பென்சிலையும் போட்டுக் கொடுங்கள்.